முதுகில் எழுதிய எழுத்து

ஜவ்வாது மலைத்தொடரின் கீழ்த்திசை அடிவாரத்தில், போளூருக்கும் கண்ணமங்கலத்துக்கும் இடைப்பட்ட சாலையில் அமைந்திருப்பது சந்தவாசல். சம்புவராயர் தலைநகராக விளங்கிய படவீட்டுக்குச் செல்லும் வழி இவ்வூரிலிருந்தே பிரிகின்றது. ஆரணிப் பட்டு என்று பெயர் பெற்ற சேலைகள் ஆரணி நகரத்தினுள் மட்டும் நெய்யப்படுவன அல்ல. சுற்றியுள்ள சிற்றூர்களின் வீடுகள்தோறும் நெய்யப்படுவன. சந்தவாசலும் அத்தகைய ஊரே. பொழுது புலர்ந்ததும் நாடா ஓடும் ஓசையும், அச்சுப் பலகை மோதும் ஓசையும் தெருவில் கேட்கும். அவ்வோசைக்கு நடுவே புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படுவர்.

அப்பிள்ளைகளை நிறுத்தி, “நீ பெரியவனானதும் என்னவாகப் போகிறாய்?” என்று கேட்டால் மருத்துவர், பொறியாளர், காவல் அதிகாரி என்று விடை வரும். ஆசிரியர் என்னும் விடை அருகியே வரும். பெற்றோரைக் கேட்டாலோ, “வேறொன்றும் கிடைக்காவிட்டால் வாத்தியார் வேலைக்காவது போகட்டும்” என்பர். ‘ஆவது’ என்னும் அவ்விடைச்சொல் ஒரு தொழிலை எத்துணைத் தாழ்த்திவிடுகின்றது! ஒருவன் தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் அறிவைத் தொடும் பணியை, கடைசியில் எஞ்சியதை எடுத்துக்கொள்ளும் பணியாக எண்ணுவது பிழை. அதனினும் பெரிய பிழை, கண்ணோ செவியோ அறிவோ குறைபட்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பணியை ஓர் அறச்செயலாக மட்டும் எண்ணித் தொழிலாகவே கருதாமை.

பழந்தமிழர் ஆசிரியரை அவ்வாறு எண்ணவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்திலக்கணத்தைத் தொடங்குமுன் பாயிரத்திலேயே ஆசிரியரின் இலக்கணத்தைக் கூறுகின்றது. நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கும் நல்லாசிரியருக்கு உவமைகள். நிலம் தன்னை அகழ்வாரையும் பொறுப்பது. உழைப்பவன் உழைப்புக்கேற்பப் பயன் தருவது. மலை அளக்கலாகாத பொருளும் அசையாத நிலையும் உடையது. நிறைகோல் ஐயந்தீர நிறுத்துக் காட்டுவது; எப்பக்கமும் சாயாதது. மலர் யாவரும் விரும்பி ஏற்கும் மென்மையது. ஒரு தொழிலுக்கு இத்தனை தகுதிகளை வகுத்த நூலார் அதனை எளிய தொழிலாக எண்ணியிருக்க முடியாது.

ஆனால் அதே பாயிரத்தில் மற்றொரு பகுதியும் உண்டு. மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி எனப் பவணந்தியார் பகுக்கின்றார். முதலிரண்டும் தலை, அடுத்த இரண்டும் இடை, பின் நான்கும் கடை. அதற்கும் மேலே சென்று, யார் யாருக்கு நூல் சொல்லலாகாது என்றும் ஒரு பட்டியல் தருகின்றார். கள்வன், சோம்பன், செருக்கன் ஆகியோரோடு பிணியுற்றவனும், அறிவு மந்தமானவனும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றனர்.

நன்னூலைத் தலைமேற்கொண்டு கற்றவர்களும் இவ்விடத்தில் சிறிது நின்று எண்ணுதல் வேண்டும். கள்வனாதல் ஒருவன் செய்த தீமை. அதற்கு அவன் பொறுப்பாவான். பிணியும் மந்தமும் எவரும் விரும்பிச் செய்துகொண்டவை அல்ல. பவணந்தியாரைக் குறை கூறுதல் இங்கு நோக்கமன்று. ஓலையும் எழுத்தாணியும் அரிதாயிருந்த காலம் அது. ஆசிரியர் ஒருவர் சிலருக்கு மட்டுமே கற்பிக்க இயன்ற காலம். கண்ணில்லாதவன் கையில் கொடுக்க எழுத்தே இல்லாத காலம். கருவி இல்லாத இடத்தில் ஆசிரியர் கைவிரித்தார். இன்று கருவி உண்டு, முறை உண்டு, சட்டமும் உண்டு. ஆகவே இல்லிக்குடத்தைக் கடை என்று ஒதுக்கும் உரிமை இக்கால ஆசிரியருக்கு இல்லை. குடத்தில் துளை எங்கே உள்ளது என்று தேடிப் பார்ப்பதே அவர் கடன்.

கருவி இல்லாத அக்காலத்திலும் வழி கண்டோர் இருந்தனர் என்பதற்குத் தமிழ்ப் புலவர் வரலாறே சான்று. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரராகவ முதலியார் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். அதனால் அந்தகக்கவி எனப்பட்டார். அவருக்கு எழுத்தறிவித்த முறை வியப்பானது. அவருடைய முதுகில் விரலால் எழுத்துகளை எழுதிக் காட்டினர் என்றும், அவர் அவற்றைத் தொடுவுணர்ச்சியால் அறிந்து மனத்தில் பதித்துக்கொண்டார் என்றும் கூறுவர். பின்னர் அவர் சேயூர்க் கலம்பகம், திருக்கழுக்குன்றப் புராணம் முதலிய நூல்களை இயற்றினார். யாழ்ப்பாணம் வரை சென்று பரிசில் பெற்றார் என்பர். அவர் பெயர் நிலைத்தது. முதுகில் எழுதிய அவ்விரலுக்குரியவர் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. தலைக்குச் செல்லக் கண்வழி இல்லையாயின் தோல்வழி செல்லலாம் என்று முதலில் எண்ணிய அறிவு, பாடல் இயற்றிய அறிவினும் குறைந்ததென்று எவரால் சொல்ல இயலும்?

கண்ணில்லாதவர் ஒருவரும் கால் நடவாதவர் ஒருவருமாய் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி ஊர்தோறும் திரிந்து, பாதிப் பாட்டு ஒருவரும் மீதிப் பாட்டு மற்றவரும் பாடிய இரட்டைப் புலவர் கதையையும் தமிழ்நாட்டார் அறிவர். அவர்கள் பாடிய ஏகாம்பரநாதர் உலாவில் சம்புவராய மன்னன் ஒருவனைப் பற்றிய குறிப்பு உண்டு என்று ஆராய்ச்சியாளர் கூறுவதால், சந்தவாசல் வட்டாரத்துக்கும் அவர்களுக்கும் ஓர் உறவு உண்டெனலாம். ஆயினும் இத்தகைய கதைகளைச் சொல்லி மகிழ்வதோடு நின்றுவிடுதல் தமிழர்க்கு ஒரு வழக்கமாகிவிட்டது. நூற்றாண்டுக்கு ஒருவர் இருவர் புலவராயினர். எழுத்தே அறியாமல் திண்ணையில் அமர்ந்து மறைந்தோர் எத்துணையர் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை.

முதுகில் எழுதும் முறையில் ஒரு குறை உண்டு. எழுதுவோர் ஒருவர் எப்போதும் உடனிருத்தல் வேண்டும். கற்றவர் தாமே ஒரு நூலை எடுத்துப் படிக்கவும், தாமே எழுதவும் இயலாது. அக்குறையைத் தீர்த்தவர் பிரெஞ்சு நாட்டு லூயி பிரெயில். 1809ஆம் ஆண்டு பிறந்த அவர், மூன்று வயதில் தந்தையாரின் தோற்பட்டறையில் விளையாடும்போது கூரிய ஊசி பாய்ந்து ஒரு கண்ணை இழந்தார். நோய் பரவி மற்றொரு கண்ணும் போயிற்று. பாரிசு நகரில் கண்ணில்லாச் சிறுவர் பள்ளியில் பயின்றார். இருளில் படைவீரர் படிப்பதற்கென்று பார்பியே என்னும் படைத்துறையினர் 12 புள்ளிகளைக் கொண்டு ஒரு முறை அமைத்திருந்தார். அது விரல் நுனியில் அடங்காதது. 15 வயதுச் சிறுவரான பிரெயில் அதனை 6 புள்ளிகளாகச் சுருக்கினார். 6 புள்ளிகளை மாற்றி மாற்றி அமைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். எழுத்துகளுக்கும் எண்களுக்கும் குறியீடுகளுக்கும் இசைக்கும் அவையே போதியவாயின.

இப்புள்ளிகளின் தத்துவம் சந்தவாசல் நெசவாளருக்குப் புதிதன்று. பட்டுத்தறியின் மேல் ஜக்கார்டுப் பெட்டி ஒன்று உண்டு. அதில் துளையிட்ட அட்டைகள் கோவையாகத் தொங்கும். துளை உள்ள இடத்துக்குரிய பாவு இழை மேலெழும். துளை இல்லாத இடத்தில் இழை எழாது. அன்னமும் மயிலும் மாங்காயும் சேலைக் கரையில் தோன்றுவது அத்துளைகளின் வரிசையால்தான். ஜக்கார்டு என்பாரும் பிரெஞ்சு நாட்டவரே. அவர் தம் பொறியை 1804ஆம் ஆண்டளவில் அமைத்தார். மயிலின் உருவம் அட்டையில் இல்லை; துளைகளின் வரிசையே உண்டு. ‘அ’ என்னும் எழுத்தின் உருவமும் பிரெயில் தாளில் இல்லை. புள்ளியின் வரிசையே உண்டு. பொருள் ஒன்று, அதைக் கொண்டுசெல்லும் வடிவம் பல என்பதை நெசவாளர் வீட்டுப் பிள்ளை தறியடியிலேயே கற்றுக்கொள்ளலாம். சிறப்புக் கல்வி முழுமைக்கும் இதுவே அடிப்படை.

பிரெயில் எழுத்தை அவர் பயின்ற பள்ளியே முதலில் ஏற்கவில்லை. பள்ளித் தலைவர் ஒருவர் அதனைத் தடைசெய்தார். மாணாக்கர் மறைவில் எழுதிப் பழகினர். கண்ணுடைய ஆசிரியரால் படிக்க முடியாத எழுத்து மாணாக்கர் கையில் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை போலும். 1852ஆம் ஆண்டு பிரெயில் மறைந்தார். ஈராண்டு கழித்தே அவருடைய முறையை அந்நாடு ஏற்றது. ஆசிரியப் பணிக்கு வர விரும்புவோர் இச்செய்தியை மறத்தலாகாது. மாணாக்கனுக்கு எளிதானது எது என்பதே கேள்வி. ஆசிரியருக்கு எளிதானது எது என்பதன்று.

இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒத்த பாரதி பிரெயில் முறை 1951ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. தமிழுக்கு அது அமைந்த விதம் இலக்கணம் கற்றோருக்கு உவகை தருவது. ‘கெ’ என்று அச்சில் எழுதும்போது கொம்பு முன்னும் ககரம் பின்னும் நிற்கின்றன. ‘கொ’ என்னும்போது ககரத்தின் இருபுறமும் குறிகள் சூழ்கின்றன. ஒலியிலோ மெய் முன்னும் உயிர் பின்னுமாகவே வரும். தொல்காப்பியரும் அவ்வாறே கூறினார். பிரெயிலில் எழுதும் பிள்ளை ககரத்தை முதலில் இட்டு, எகர ஒகரங்களை அதன்பின் இடுகின்றது. கண்ணால் காண்போர் எழுத்து இலக்கணத்தினின்று சற்று விலகி நிற்க, விரலால் காண்போர் எழுத்து இலக்கணத்தோடு ஒட்டி நிற்கின்றது!

தமிழ்நாட்டில் இத்துறைக்குத் தொட்டிலாக விளங்கிய ஊர் பாளையங்கோட்டை. கண்ணில்லாப் பிள்ளைகளுக்கு ஆஸ்க்வித் அம்மையாரும், செவிகேளாப் பிள்ளைகளுக்குப் புளோரன்சு ஸ்வெயின்சன் அம்மையாரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் அங்கே கற்பிக்கத் தொடங்கினர். அவர்கள் தொடங்கிய பள்ளிகள் இன்றும் நடைபெறுகின்றன. கடல் கடந்து வந்த பெண்மணியர் முதலில் தமிழைக் கற்று, பிறகு அதனைக் காதால் கேளாதார்க்குக் கற்பித்தனர் என்பதை எண்ணுக. தாய்மொழியாகத் தமிழைப் பெற்றோர் அப்பணியைச் செய்யத் தயங்குவதற்குக் காரணம் அருமையன்று.

செவிகேளாப் பிள்ளையின் நிலை கண்ணில்லாப் பிள்ளையின் நிலையினும் வேறானது. அதனை ஊரார் எளிதில் உணர்வதில்லை. சந்தவாசல் போன்ற ஊரில் நெசவாளர் ஒருவர் இல்லத்தில் அத்தகைய மகன் ஒருவன் பிறந்தான் என்று கொள்வோம். ஈராண்டு வரை பெற்றோர் ஐயுறுவதில்லை. “அவன் அப்பாவும் நேரங்கழித்தே பேசினார்” என்று பாட்டி ஆறுதல் சொல்வாள். மூன்றாண்டில் ஐயம் பிறக்கும், வேண்டுதல் நடக்கும். ஐந்தாண்டில் பள்ளிக்கு அனுப்புவர். வகுப்பில் அவன் அமைதியாக அமர்ந்திருப்பான். அமைதியான பிள்ளை எவருக்கும் தொல்லையன்று. ஆகவே எவரும் அவனைக் கவனியார். கரும்பலகையில் உள்ளதைப் பிழையின்றிப் பார்த்து எழுதுவான். எழுதியதன் பொருள் அறியான். எட்டாம் வகுப்பு வரை அவ்வாறே செல்வான். பின்பு தறியில் அமர்த்துவர்.

தறியில் அவன் சிறந்து விளங்குவான். அவன் கண் கூரியது, கை நுண்ணியது, ஓசை அவன் கருத்தைக் கலைப்பதில்லை. அறுந்த இழையை மற்றவர் தேடுமுன் அவன் முடிந்துவிடுவான். “இவனுக்குப் படிப்பு எதற்கு? கைத்தொழில் இருக்கிறது” என்று ஊரார் மகிழ்வர். அம்மகிழ்ச்சியில்தான் கேடு உள்ளது. நெசவு இழிந்த தொழிலன்று, அதில் கலையுண்டு. ஆனால் அவன் நெசவைத் தேர்ந்துகொள்ளவில்லை. கூலிக் கணக்கை அவனால் சரிபார்க்க இயலாது. வாங்கிய முன்பணத்துக்கு இட்ட கைந்நாட்டின் பொருளை அவன் அறியான். தன் வலி இன்ன இடத்தில் என்று மருத்துவரிடம் சொல்லவும் அவனுக்கு மொழி இல்லை. அவனிடமிருந்து பறிபோனது செவி மட்டுமாயின் இழப்பு சிறிது. மொழியே பறிபோயிற்று, அதனைப் பறித்தது நோயன்று, காலந்தாழ்த்திய கல்வி.

குழந்தை மொழியைப் பற்றிக்கொள்ளும் பருவம் முதல் ஐந்தாறு ஆண்டுகளே. பிறந்த சில நாள்களிலேயே செவிப்புலனைச் சோதிக்கும் கருவிகள் இன்று உள்ளன. உட்செவியில் மின்கருவி பொருத்தும் அறுவை மருத்துவமும், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டரசின் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யப்படுகின்றது. அறுவை முடிந்ததும் பிள்ளை பேசிவிடும் என்று எண்ணுவோர் பலர். கருவி ஒலியைத் தரும், மொழியைத் தராது. இவ்வொலி நாயின் குரைப்பு, இவ்வொலி அம்மாவின் அழைப்பு என்று பிரித்தறியச் செய்வதற்கு நாள்தோறும் அமர்ந்து பயிற்றும் ஆசிரியர் வேண்டும். மருத்துவர் பணி சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆசிரியர் பணி ஆண்டுக்கணக்கில் நீளும்; செய்தித்தாளில் படம் வெளிவருவதோ மருத்துவருக்கு மட்டும்.

இத்துறை அறிஞரும் பிழை செய்ததுண்டு. 1880ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, செவிகேளாதார்க்கு வாய்ப்பேச்சையே கற்பித்தல் வேண்டும், கைச்சைகையை விலக்குதல் வேண்டும் என்று முடிவு செய்தது. அங்கு வாக்களித்தோருள் செவிகேளாதார் மிகச் சிலரே. அம்முடிவால் பல நாடுகளில் சைகை பேசிய பிள்ளைகள் கண்டிக்கப்பட்டனர். 2010ஆம் ஆண்டு வாங்கூவரில் கூடிய மாநாடு அம்முடிவுக்கு வருத்தம் தெரிவித்தது. இடையே கழிந்தவை 130 ஆண்டுகள்! சைகைமொழி வெறும் கையசைப்பன்று; அதற்கெனச் சொற்றொடர் அமைப்பும் இலக்கணமும் உண்டு. இந்தியச் சைகைமொழிக்கென ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் ஒன்றை நடுவணரசு 2015ஆம் ஆண்டு தில்லியில் அமைத்தது. இன்று இத்துறைக்கு வரும் இளைஞர் பேச்சையும் சைகையையும் பகையாகக் கருதாமல் பிள்ளைக்கு எது பொருந்துமோ அதனை மேற்கொள்ளும் நடுநிலை உடையராதல் வேண்டும். நன்னூலார் நிறைகோல் என்றது இதனையே எனலாம்.

கண்ணுக்குத் தெரியும் குறைகளினும் தெரியாத குறைகளே வகுப்பறையில் மிகுதி. நன்றாகப் பேசும், நன்றாகக் கணக்கிடும், ஆயின் நான்கு வரி படிக்கத் திணறும் பிள்ளை ஒன்று ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் உண்டு. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு அதன் மனத்தில் எளிதில் படிவதில்லை. இது கற்றல் குறைபாடு, அறிவுக் குறைபாடன்று. அறியாத ஆசிரியர் அப்பிள்ளைக்கு ‘மக்கு’ என்று பெயரிடுவார். அப்பெயர் பள்ளி கடந்து தெரு வரை செல்லும். சில வேளை வாழ்நாள் முழுதும் செல்லும். மூளை முடக்குவாதத்தால் நாவும் கையும் வசப்படாத பிள்ளை, உள்ளே தெளிந்த அறிவுடன் இருந்தும் அறிவிலி எனப்படுவதும் உண்டு. அத்தகையோருக்கென்று 1985ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட வித்யாசாகர் போன்ற நிறுவனங்கள், படப்பலகையைச் சுட்டியும் கருவியைத் தட்டியும் அவர்கள் கருத்தை வெளிப்படுத்த வழி செய்தன.

2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர் எனக் கணக்கிடப்பட்டது; தமிழ்நாட்டில் மட்டும் 11 இலட்சத்து 79 ஆயிரம் பேர். அக்கணக்கெடுப்பில் இடம்பெற்ற குறைபாடுகள் சிலவே. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றிருந்தது; 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 21 வகையாக விரித்தது. குறிப்பிட்ட அளவு குறைபாடுடைய பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வி பெறும் உரிமையையும் அச்சட்டம் வழங்குகின்றது. குருடன், செவிடன், ஊமை என்று வழங்கிய சொற்கள் போய் மாற்றுத்திறனாளி என்னும் சொல் வந்தது நன்றே. சொல் மாறியது போல வகுப்பறையும் மாறியதா என்பது வேறு கேள்வி.

பயிற்சி முறையை அறிய விரும்பும் மாணாக்கருக்குச் சில செய்திகள் போதும். பன்னிரண்டாம் வகுப்புக்குப்பின் ஈராண்டுப் பட்டயப் பயிற்சி பெற்றோர் தொடக்கப்பள்ளி ஆசிரியராகலாம். பட்டம் பெற்றபின் கல்வியியல் பட்டம் பெற்றோர் மேல்வகுப்புகளுக்குக் கற்பிக்கலாம். சிறப்புக் கல்விக்கும் இவ்விரு வழிகள் உண்டு. ஆனால் கண், செவி, அறிவு வளர்ச்சி, கற்றல் என ஏதேனும் ஒரு பிரிவைத் தேர்ந்துகொள்ளுதல் வேண்டும். அப்பயிற்சியை 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றம் ஒழுங்குபடுத்துகின்றது. பயின்றோர் அம்மன்றத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கோவையில் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும் அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகமும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய நிறுவனமும் இத்துறையில் பெயர் பெற்றவை.

இப்பணியின் இடர்ப்பாட்டை மறைத்துப் புகழ்வது நேர்மையாகாது. இத்தகைய பிள்ளைகள் தொடக்க நிலையில் 10 பேருக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஓர் ஆசிரியர் என்னும் அளவை உச்சநீதிமன்றம் 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பில் கூறியது. நடைமுறையிலோ ஒரு சிறப்புப் பயிற்றுநரே பல பள்ளிகளுக்கு நாள்முறை வைத்துச் செல்கின்றார். தமிழ்நாட்டு வட்டார வள மையங்களில் பணியாற்றுவோர் பலர் தொகுப்பூதியத்திலேயே நெடுங்காலம் இருந்து, பணி நிரந்தரம் வேண்டிப் பலமுறை குரலெழுப்பியுள்ளனர். தொண்டு என்னும் சொல்லை மாலையாகச் சூட்டி ஊதியத்தைக் குறைப்பது நியாயமன்று. நெசவாளரின் கலையைப் புகழ்ந்துவிட்டுக் கூலியைக் குறைப்பவனை இவ்வட்டாரத்தார் நன்கு அறிவர். அவனுக்கும் இவனுக்கும் வேற்றுமை இல்லை. சிறந்த மாணாக்கர் இத்துறைக்கு வரவேண்டுமாயின் அவர்கள் குடும்பம் நடத்தும் அளவு ஊதியமும் நிலைத்த பணியும் அரசு அளித்தல் வேண்டும். அதுவரை இளைஞர் காத்திருத்தல் வேண்டுமா எனின், வேண்டா என்பதே விடை. பயிற்சி பெற்றோர் பெருகிக் கோரினால்தான் பணியிடமும் பெருகும்.

இப்பணிக்குத் தகுதியுடையார் யார்? இரக்கமுடையார் என்று பலர் விடை கூறுவர். இரக்கம் மட்டும் தகுதியாகாது. இரக்கம் மிகுந்தவர் பிள்ளைக்குச் சட்டை மாட்டிவிடுவார். தகுதியுடையவர் பொத்தானை எவ்வாறு பிடிப்பது என்று பத்து நாள் கற்பித்துப் பதினோராம் நாள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எளிதன்று. ஹெலன் கெல்லர் 1955ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தபோது மக்கள் அவரைக் கண்டு வியந்தனர். கண்ணும் செவியும் இழந்து ஆறு வயதுவரை கட்டுக்கடங்காதிருந்த அவரை 1887ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட ஆன் சலிவனுக்கு அப்போது வயது 20. ஒரு கையில் நீரைப் பாய்ச்சி மறு கையில் நீர் என்னும் சொல்லை விரலால் எழுதியதும், பொருளுக்குப் பெயருண்டு என்பது அக்குழந்தைக்குப் புலப்பட்டது. சலிவன் அக்குழந்தையிடம் இரக்கம் காட்டியதினும் பிடிவாதம் காட்டியதே மிகுதி. உணவு மேசையில் கரண்டியால் உண்ணச் செய்வதற்கே அவர் ஒரு போர் நடத்தினார்.

தமக்கு இப்பணி பொருந்துமா என்று அறிய மாணாக்கர் கல்லூரி செல்லும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. பழைய திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் உண்டு. ஆசிரியர் அவனுக்குக் கற்பிப்பார். அவன் மற்றவருக்குக் கற்பிப்பான். 1789ஆம் ஆண்டு முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் மேற்கொண்டார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்து 1797ஆம் ஆண்டு இலண்டனில் நூலாக வெளியிட்டார். அம்முறை இங்கிலாந்தில் சென்னை முறை என்றே பெயர் பெற்றுப் பரவியது. உயர்நிலை வகுப்பில் பயிலும் பெண் ஒருத்தி, மாலை வேளையில் அடுத்த வீட்டுச் சிறுவனுக்குக் கழித்தல் கணக்கைச் சொல்லிக் கொடுத்துப் பார்க்கலாம். மூன்றாம் முறையும் அவன் தவறாகச் செய்யும்போது அவளுக்குச் சினம் எழுகின்றதா, அன்றி இவன் எவ்விடத்தில் தவறுகின்றான் என்னும் ஆர்வம் எழுகின்றதா என்பதை அவளே கண்டுகொள்வாள்.

வேறொன்றும் செய்து பார்க்கலாம். தோழர் இருவர் அமர்ந்து, ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள மற்றவர் அவர் முதுகில் விரலால் ஒவ்வோர் எழுத்தாக எழுதட்டும். ‘ப’வும் ‘ட’வும் எளிதில் விளங்கும். ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் சுழி எத்தனை என்று தடுமாற்றம் வரும். ‘இ’ பெரிதும் இடர் தரும். அப்போது எழுதுபவர் விரலை மெல்ல ஓட்டிப் பார்ப்பார். பெரிதாக எழுதிப் பார்ப்பார். சுழி முடியுமிடத்தில் சற்று அழுத்திப் பார்ப்பார். எவ்வெழுத்தை முதலில் எழுதுவது, எதனைப் பின்னுக்கு வைப்பது என்ற எண்ணமும் அவருக்குத் தானே வரும். அந்தகக்கவிக்கு எழுத்தறிவித்தவர் நெடுங்கணக்கை அகரத்தில்தான் தொடங்கினாரோ, அன்றிப் பகரத்தில் தொடங்கினாரோ!